புல்லட் டேங்கின் பொன்னிறக் கோடு: சீர்செய்யும் முறை
ராயல் என்ஃபீல்டு புல்லட்டுகள் பலவற்றின் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடு சென்னையில் தூரிகை பிடித்துக் கையால் வரையப்பட்டது என்பதால், அது உதிர்ந்த இடத்தை ஸ்டிக்கரால் மறைக்காமல் பெயின்ட்டாலேயே சரிசெய்வதுதான் அந்தக் கைவேலைக்கு நாம் தரும் மரியாதை.

டேங்கைச் சோப்பு நீரால் கழுவி, பாலிஷின் மெழுகுப் படலம் போகும்வரை துடையுங்கள்; தின்னர் வேண்டாம், அது சுற்றியுள்ள வண்ணத்தையும் கரைத்துவிடக்கூடும். உலோகம் தெரிந்தால் துருவை நீக்கி, பிரைமரும் (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) டேங்கின் அடிநிறமும் பூசி, அவை நன்கு உலர்ந்த பிறகே கோட்டைத் தொட வேண்டும். 2000 எண் வாட்டர் பேப்பரை (மிக நுண்ணிய உப்புத்தாள்) நீரில் நனைத்து, உதிர்ந்த விளிம்பை மெல்லத் தேயுங்கள்.

பின்னர், நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகையில் பொன்னிற எனாமலை எடுத்து, பழைய கோட்டின் மேலேயே தொடங்கி, விடுபட்ட இடத்தைக் கடந்து, மறுபுறக் கோட்டில் முடியுமாறு ஒரே இழுப்பில் வரையுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே திட்டு விழும். ஓரத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப் வேண்டாம்; அது தரும் கூர்மையான விளிம்பு கைக்கோட்டின் மெல்லிய அலைவோடு ஒட்டாது. கோணல் விழுந்தால், ஈரம் காயுமுன் துடைத்துவிட்டு மீண்டும் வரையலாம்.