மூணாறு அடுப்படியில் யெர்பா மாத்தே: புதிதாகப் போடுபவர்களுக்கு

உலகக் கோப்பை வந்துவிட்டால் மூணாறில் எங்கு பார்த்தாலும் அர்ஜென்டினாக் கொடிதான். மெஸ்ஸி கையில் ஒரு குடுக்கையும் அதில் செருகிய உலோகக் குழலுமாக நடந்து வருவாரே, அதில் இருப்பதுதான் யெர்பா மாத்தே. பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் பக்கம் வளரும் ஒரு பசுமைமாறா மரத்தின் இலையை ஊறவைத்துக் குடிக்கும் பானம். ஐலெக்ஸ் பராகுவாரியென்சிஸ் என்பது மரத்தின் தாவரவியல் பெயர். கிறிஸ்துமஸ் அட்டைகளில் சிவப்புப் பழத்தோடு வரும் ஹாலிக்குச் சொந்தம், தேயிலைக்கு இல்லை. ஆனாலும் எஸ்டேட்காரர்களுக்குப் பழகிய சங்கதிதான்: விட்டால் மரமாக ஓங்கும், கவாத்து செய்தால் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

பறித்த இலையை நம் ஃபாக்டரியில் செய்வதுபோல் வாட்டிப் புளிக்க வைப்பதில்லை. சீக்கிரமே தீயில் காட்டி, உலர்த்தி, கரகரப்பாக உடைத்து, பெரும்பாலும் சில மாதம் இருப்பு வைக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பச்சை நிறம்.

1. பாத்திரம். அசல் குடுக்கை நம் சுரைக்காயேதான், முற்றிக் காய்ந்தது. ஆனால் வேலியில் காய்த்த கசப்புச் சுரையைக் குடைந்துவிடாதீர்கள், வயிற்றுக்கு ஆகாது. ஆரம்பத்துக்குப் பீங்கான் கோப்பை போதும். பொம்பிஷா என்கிற வடிகட்டிக் குழல் மட்டும் கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்ட்ராவில் தூள்தான் வாய்க்கு வரும்.

2. தண்ணீர். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். மாத்தே ஒன்றும் கட்டன் சாயா இல்லை. கொதிக்கவிட்டால் வெறும் கசப்புதான் மிஞ்சும். 70 முதல் 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் வேண்டாம். மூணாறு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதித்த தண்ணீர் மூன்று டம்ளர், பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள். கணக்கு சரியாக வரும்.

3. இலை. கோப்பையில் பாதிக்குமேல், முக்கால் தொடாமல் இலையைப் போடுங்கள். ஆமாம், அவ்வளவு நிறையத்தான் போட வேண்டும்; டீத்தூள் அளவை மறந்துவிடுங்கள். வாயை உள்ளங்கையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து நாலு குலுக்கு. கையை எடுத்தால் உள்ளங்கையில் பச்சைத் தூள் ஒட்டியிருக்கும், அதை ஊதிவிடுங்கள். கோப்பையைச் சாய்த்தபடியே மெல்ல நிமிர்த்தினால் இலை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும்.

4. பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் ஆறிய தண்ணீர் விட்டு, இலை உப்பும்வரை விடுங்கள். குழலின் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்து அந்த ஈரத்துக்குள் இறக்குங்கள். அப்புறம் குழலை ஆட்டக் கூடாது. கலக்கினால் அடைத்துக்கொள்ளும்.

5. குழல் ஓரமாக வெந்நீரை ஊற்றுங்கள். மேட்டின் தலை காய்ந்தே இருக்கட்டும், நுரை கட்டும். சற்று ஆறவிட்டு உறிஞ்சுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் அடிக்கடி குடித்தால் உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016இல் எச்சரித்திருக்கிறது.

முதல் ஊற்று காட்டமாக இருக்கும். அர்ஜென்டினாவில் ஊற்றிக் கொடுப்பவரே அதைக் குடித்துவிட்டு, அதே குடுக்கையை நிரப்பி ஒவ்வொருவராகக் கொடுப்பார். நடுவில் ‘நன்றி’ சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள். அடுத்த சுற்று உங்களுக்கு வராது. நுரை போய் ருசி வெளுக்கும்வரை பத்து முறைகூட ஊற்றலாம். இதில் காஃபின் உண்டு, அதனால் ராத்திரியில் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

வெயில் காலத்தில் கம்பம், தேனிப் பக்கம் இறங்கினால் வெந்நீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை அல்லது புதினா. பராகுவேயில் அதற்குத் தெரெரே என்று பெயர். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காடுகளிலும் ஐலெக்ஸ் வைட்டியானா, ஐலெக்ஸ் டென்டிகுலேட்டா என்று இதன் பங்காளிகள் உண்டு. சொந்தம்தானே என்று அந்த இலையைப் பறித்து ஊறவைக்காதீர்கள். எல்லா ஹாலியும் குடிக்க ஏற்றதல்ல; சிலவற்றின் பழம் தின்றால் வாந்தி எடுக்கும். காட்டில் இலை பறித்தால் வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். பாக்கெட்டில் வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.