பழுதான ஹார்டு டிஸ்க்: கோப்புகளை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையடக்க ஹார்டு டிஸ்க் ஒன்று திடீரென்று திறக்க மறுத்தால், அதிலிருந்த கோப்புகள் அந்த நொடியிலேயே அழிந்துவிட்டன என்று பொருளல்ல. பல வேளைகளில் அவை எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு முடிவு கட்டுவது பெரும்பாலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தோடு நாம் செய்யும் காரியங்கள்தாம்: பத்து முறை செருகிப் பார்ப்பது, திரையில் வரும் கேள்விக்கெல்லாம் சம்மதம் கொடுப்பது, கண்ணில் பட்ட முதல் மீட்பு மென்பொருளை இறக்கி அதே டிஸ்க்கில் நிறுவுவது.

கெட்டிருப்பது கருவியா, அல்லது கருவி நன்றாக இருக்க அதன் கோப்பு முறைமை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஒழுங்கு) மட்டும் குழம்பியிருக்கிறதா என்பதைப் பிரித்தறியாமல் வேலையில் இறங்குவதே முதல் தவறு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் கொள்ளளவு சரியாகத் தெரிந்து, கோப்பு முறைமையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ரா’ (RAW, அதாவது அடையாளம் தெரியாதது) என்று மட்டும் காட்டினால், குழப்பம் கோப்பு முறைமையோடு நின்றிருக்க வாய்ப்புண்டு. கொள்ளளவு பொருந்தாத எண்ணாகத் தெரிவது, ஒரு கோப்புறை திறக்கப் பல நிமிடங்கள் ஆவது, நகலெடுக்கும்போது டிஸ்க் மறைந்து மறைந்து தோன்றுவது, சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்று ஒலிப்பது ஆகியவை கருவியே தளர்ந்துவிட்டதைக் காட்டும் அடையாளங்கள்.

ஆனால் அந்த ஒலியைக் கேட்டவுடன் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தருவது 900 மில்லி ஆம்பியர் என்பதே தர வரையறை; நைந்த கேபிளோ, நான்கைந்து கருவிகள் தொங்கும் ஹப்போ இடையில் இருந்தால், தரவு பதிந்திருக்கும் தட்டைச் சுழற்றப் போதிய மின்சாரம் கிடைக்காமல் நல்ல டிஸ்க்கும் இதே போல ஒலிக்கும். ஆகவே வேறொரு கேபிளில், கணினியின் துளையிலேயே நேரடியாக ஒருமுறை செருகிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஒலி தொடர்ந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது சோதனையல்ல, சேதம்.

ஏன் சேதம் என்றால், உள்ளே தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழல, படிக்கும் தலை அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. தட்டில் உள்ள இடங்காட்டும் குறிகளைத் தலையால் படிக்க முடியாதபோது, அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பி மீண்டும் முயல்வதையே நாம் ‘டிக்’ என்று கேட்கிறோம். தலை உடைந்து தட்டை உரசத் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு சுழற்சியும் காந்தப் பூச்சைச் சுரண்டித் தூளாக்குகிறது. தூளாகிப்போன பகுதியை எந்த ஆய்வகமும் படித்துத் தர முடியாது.

‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கணினி கேட்கும்போது ஒப்புக்கொள்வது அடுத்த தவறு. விரைவு ஃபார்மட் புதிய கோப்பு அட்டவணையை மட்டுமே எழுதுவதால், அதன் பிறகும் ஓரளவு மீட்க முடியும். முழு ஃபார்மட் அப்படியல்ல: விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸ் அதில் டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதுகிறது, அது முடிந்தால் மீட்க எதுவும் இருக்காது.

இதைவிட நயமாக ஏமாற்றுவது, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் கருவியான செக்டிஸ்க். இணையத்தில் எந்த டிஸ்க் கோளாறுக்கும் முதல் மருந்தாக இதைச் சொல்கிறார்கள். கெட்ட அறிவுரை என்றே சொல்வேன். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறைமையை முரணில்லாமல் ஆக்குவது, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதல்ல. அட்டவணையில் பொருந்தாத பதிவு ஒன்றைக் கண்டால், அதைத் திருத்தும் அனுமதி கொடுத்திருக்கும் பட்சத்தில் அது தயங்காமல் வெட்டியெறியும். பெயரும் கோப்புறையும் இழந்த துண்டுகளை ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைவான கோப்புறையில் எண்களாகக் குவித்து வைக்கும். அதுவும் மோசமான செக்டார்கள் (பழுதாகிப் படிக்க முடியாத சிறு பகுதிகள்) உள்ள டிஸ்க்கில், படிக்க முடியாமல் போனதையே இல்லாதது என்று கருதி அட்டவணையைத் திருத்தி எழுதும்போது, நேற்றுவரை மீட்கக்கூடியதாக இருந்த கோப்புறை அமைப்பு இன்று சிதறிப்போகிறது. டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாமல் படிக்க மட்டும் செய்வதே மீட்பின் அடிப்படை ஒழுங்கு. திருத்தும் அனுமதி பெற்ற செக்டிஸ்க் அதை முதல் அடியிலேயே மீறுகிறது.

தளரும் டிஸ்க்கின் மேல் மீட்பு மென்பொருளை நேரடியாக ஓட்டுவதும் இதே வகைத் தவறுதான். அத்தகைய மென்பொருள் முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் துழாவும். ஒருமுறை போதாமல் வேறொரு மென்பொருளைக் கொண்டு நாம் மீண்டும் துழாவுவோம். செய்ய வேண்டியது, முதலில் டிஸ்க்கை அப்படியே வேறொரு நல்ல டிஸ்க்குக்கு ‘இமேஜ்’ ஆகப் பிரதியெடுத்து, பிறகு அந்தப் பிரதியில் எவ்வளவு வேண்டுமானாலும் துழாவுவது. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். எதுவரை படித்தோம் என்பதைத் தனி வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வரைபடக் கோப்பு இல்லாமல் அதை இயக்குவதும், எதிலிருந்து எதற்கு என்ற வரிசையை மாற்றித் தட்டுவதும் (இரண்டாவது நடந்தால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்) நிதானமானவர்களும் செய்யும் பிழைகள்.

டிஸ்க் நலமாக இருந்து கோப்புகளைக் கைதவறி அழித்திருந்தால் சிக்கல் வேறு. அழித்த கோப்பின் இடம் காலியென்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே போவதில்லை. அதன் மேல் புதிதாக எழுதப்படும்போதுதான் போகிறது. எனவே மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் சேமிப்பது, மீட்கவேண்டிய அடுத்த கோப்பின் மேல் மண் அள்ளிப் போடுவதாகும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிரைவ்களில் இந்த அவகாசமும் நிச்சயமில்லை: இந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை என்று கணினி சொல்லும் டிரிம் கட்டளை டிரைவை எட்டியிருந்தால், அழித்த பகுதிகளைக் கருவி தானே துடைத்துவிடும்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் டிஸ்க் உயிர்பெறும் என்பது பழைய நம்பிக்கை. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளிகள் படிவதுதான் அதன் நிச்சயமான பலன். மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம், ஏனெனில் அறைக்காற்றின் சாதாரணத் தூசித் துகள் தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது. ஒரே மாடல் டிஸ்க்கின் மின்பலகையைக் கழற்றி மாட்டுவதும் இப்போது செல்லாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீட்டுத் திருத்தங்கள் அதனதன் பலகையிலுள்ள சிப்பில் பதிந்திருக்கின்றன. சில கையடக்க டிஸ்க்குகள் கடவுச்சொல் வைக்காதபோதும் தரவை மறையாக்கம் செய்தே எழுதுகின்றன என்பதால், அவற்றின் யுஎஸ்பி பலகையைத் தூக்கியெறிந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் தனியே இணைத்தால் பொருளற்ற எண்களே கிடைக்கும். நனைந்த டிஸ்க்கைச் சூடேற்றி உலர்த்தவோ இயக்கிப் பார்க்கவோ கூடாது.

மீட்பு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தால், இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். செக்டிஸ்க் ஓட்டியதை மறைத்தால், அவர்கள் தவறான இடத்திலிருந்து தொடங்குவார்கள். விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கர் இட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். வேலையைத் தொடங்கும் முன்னரே, கண்ணெதிரே சாதாரண மேசையில் வைத்து டிஸ்க்கைத் திறந்து காட்ட முன்வருபவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று பலருக்கும் தோன்றுவதில்லை. மீட்ட கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருந்தாலும், உள்ளே வெறும் சுழியங்கள் நிரம்பியிருக்கலாம். ஒளிப்படத்தின் மேற்பாதி வந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கலாம். முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, காணொளிகளை இறுதிவரை ஓட்டிப் பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்து முடிக்கும்வரை பழைய டிஸ்க்கைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.