அரசியல் நாவலையும் அதன் திரைப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

சந்தையை அதன் போக்கில் விட வேண்டுமா, அரசு எதுவரை தலையிடலாம் என்ற விவாதத்தைப் பேசும் நாவல்கள் திரைக்கு வரும்போது, படித்த காட்சியைக் காணவில்லையே என்ற குறையோடு பெரும்பாலான ஒப்பீடுகள் நின்றுவிடுகின்றன. ஆயிரம் பக்கக் கதையை இரண்டு மணி நேரத்தில் அடக்கினால் காட்சிகள் விடுபடத்தான் செய்யும். அவற்றைப் பட்டியலிடுவதால் பெரிதாக ஒன்றும் விளங்காது. நாவலின் அரசியலைப் படம் எங்கே திருப்பியது என்று அறிய விரும்புபவர், நிகழ்ச்சிகளின் வரிசையையும் முடிவையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வசனம் அப்படியே இருந்தாலும் இவை மாறினால் கருத்து மாறிவிடும்.

நாவலைப் படித்த கையோடு, கதைமாந்தர் எந்த இடத்திலிருந்து எங்கே போனார்கள், எதனால் கிளம்பினார்கள் என்பதை மட்டும் ஒரு தாளின் இடப்பக்கத்தில் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். படம் பார்க்கும்போது அதன் வரிசையை வலப்பக்கத்தில் எழுதி, ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கும் வரிகளைக் கோடிட்டு இணையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிறுத்தி யோசியுங்கள்.

இதற்கு ஜான் ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலும், 1940இல் ஜான் ஃபோர்டு இயக்கிய அதன் திரைப்படமும் நல்ல பயிற்சி. ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோடு குடும்பம், நாவலில், பழத்தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே அரசு நடத்தும் முகாமை அடைந்துவிடுகிறது. அங்கே குளியலறையும் கழிப்பறையும் உண்டு. குடியிருப்பவர்களின் குழுக்களே முகாமை நிர்வகிக்கின்றன. வாரண்ட் இல்லாமல் போலீஸ் உள்ளே நுழைய முடியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் வேலை இல்லை. கையிருப்பு கரையவே குடும்பம் அங்கிருந்து கிளம்பி, பீச் பழம் பறிக்கப் போய், வேலைநிறுத்தத்துக்கும் கொலைக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. இறுதியில், வெள்ளத்துக்கு ஒதுங்கிய கொட்டகையில், குழந்தையைப் பறிகொடுத்த மகள், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் அறியாத ஒருவருக்குப் பாலூட்டுகிறாள். படத்திலோ பழத்தோட்டம் முன்னால் வருகிறது, அரசு முகாம் பின்னால் வருகிறது, கொட்டகை வரவே இல்லை. மக்கள் என்றும் அழிய மாட்டார்கள் என்று தாய் சொல்லும் பேச்சு, நாவலில் முகாமுக்கு முன்பே, இருபதாம் அத்தியாயத்தில் வருவது, படத்தில் கடைசிக் காட்சியாகிவிட்டது. நாவலில் அரசின் முகாம் மானத்தைக் காத்தும் வயிற்றை நிரப்பாத ஓர் இடைத்தங்கல். படத்தில் அதுவே எல்லாத் துன்பமும் கடந்து வந்து சேரும் புகலிடம். இந்தத் திருப்பத்துக்காக அரசைப் புகழும் ஒரு வரிகூடப் புதிதாகத் தேவைப்படவில்லை.

முடிவை ஒப்பிடும்போது, கடைசிப் பக்கத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மனிதரை விரட்டிய விலங்குகளைப் பன்றிகள் ஆளும் பண்ணையின் கதையான ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’ நாவலுக்கு அந்த வாக்கியம், பன்றி எது மனிதன் எது என்று வேறுபாடு தெரியவில்லை என்பதாக அமையும். ஹாலஸ், பேச்சலர் தம்பதியர் 1954இல் எடுத்த அனிமேஷன் படத்தில் மற்ற விலங்குகள் திரண்டுவந்து பன்றிகளின் ஆட்சியைக் கவிழ்க்கின்றன. அந்தப் படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்தது பிற்பாடு வெளியானது. மனிதர் உருவில் முதலாளியையும் பன்றி உருவில் கம்யூனிஸ்ட் ஆட்சியாளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த நாவலின் முடிவு பனிப்போர்க் காலத்தில் சிஐஏவுக்கு உதவியிருக்காது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. படத்துக்குப் பணம் போட்டது யார் என்று தேடும் வழக்கத்தை இதனால்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நீண்ட உரைகளைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அரசு தலையிடாத சந்தைக்காக வாதாடிய எழுத்தாளர் அயன் ராண்டின் ‘தி ஃபவுண்டன்ஹெட்’ நாவல் 1949இல் படமானபோது திரைக்கதையை அவரே எழுதினார். நீதிமன்றத்தில் கதாநாயகனாக நடிகர் கேரி கூப்பர் பேசும் உரை ஆறு நிமிடத்தை நெருங்குகிறது. ராண்ட் 1957இல் வெளியிட்ட ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலில் ஒரு கதைமாந்தர் வானொலியில் ஆற்றும் உரை மட்டுமே ஏறத்தாழ அறுபது பக்கம்; மூன்று பாகங்களாக வந்த அதன் திரைப்படத்தில் 2014இல் வெளியான மூன்றாம் பாகம் அதைச் சில நிமிடங்களாக நறுக்கிவிட்டது. நறுக்கியது தவறென்று நான் சொல்லமாட்டேன். வாதத்தின் படிகள் போய் முடிவுரை மட்டும் மிஞ்சியதா என்பதே கேள்வி. மிஞ்சியது அதுதான் என்றால், திரையில் ஒலிப்பது தத்துவத்தைவிடப் பிரசாரத்துக்கே நெருக்கமாக இருக்கும்.

கதை எந்தக் காலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ ரயிலும் எஃகும் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக இருந்த காலத்தின் கதை. 2011இல் வந்த முதல் பாகம் அதை 2016க்கு நகர்த்தியதால், எல்லோரும் ஏன் மறுபடி ரயிலை நம்புகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பெட்ரோல் ஒரு கேலன் 37 டாலர் அளவுக்கு ஏறிவிட்டதாகக் கதை கட்டினார்கள். அது வெளியான ஏப்ரல் 15, அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள். இரண்டாம் பாகம் 2012 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு வந்தது. மூன்று பாகங்களிலும் கதாநாயகியாக மூன்று வெவ்வேறு நடிகைகள் நடித்ததும், முதல் பாகம் சுமார் 2 கோடி டாலர் செலவழித்து அரைக் கோடி டாலர்கூட வசூலிக்காததும் சுவையான செய்திகளே. ஆனால் வசூலை வைத்து வாதத்தை எடைபோடுவது, சந்தைக்காக வாதாடும் படமாகவே இருந்தாலும், நியாயமாகாது.

கடைசியாக, எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சோவியத் ஆட்சியைக் கண்டிக்கும் ராண்டின் ‘வீ தி லிவிங்’ 1942இல், பாசிசத் தலைவர் முசோலினி ஆண்ட இத்தாலியில், ராண்டின் அனுமதியின்றியே இரண்டு பகுதிகளாகப் படமாகி வெளியானது. பார்த்தவர்கள் அதில் தங்கள் நாட்டுச் சர்வாதிகாரத்தையே கண்டுகொள்ள, அரசு படத்தைத் தடைசெய்தது. 1986இல் மறுபடி வெளிவந்த பிரதி, பாசிசத்துக்குச் சாதகமாகச் சேர்க்கப்பட்டிருந்த வரிகளை நீக்கி, இரண்டு பகுதிகளையும் ஒரே படமாகச் சுருக்கியது. நாவலோடு இந்தப் பிரதியை ஒப்பிட்டுவிட்டு, 1942இன் இத்தாலியர்கள் பார்த்ததைப் பற்றி எழுத உட்காராதீர்கள்.