முற்பணம் கட்டுவதற்கு முதல் அங்கீகாரத்தைப் பாருங்கள்

கொழும்பில் தனியாரிடம் பொறியியல் படிக்கப் போகிறீர்களா? கல்லூரியின் பெயரை விடுங்கள், பட்டத்தைப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் சிவிலுக்கு அங்கீகாரம் இருக்கும், மெக்கட்ரோனிக்ஸுக்கு இல்லாமலும் போகலாம். விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்த பட்டங்களின் பட்டியலை எடுத்து, துறை, பட்டம் தரும் பல்கலைக்கழகம், உங்கள் பட்ச் சேரும் ஆண்டு மூன்றையும் பொருத்திப் பாருங்கள். அதில் வாஷிங்டன் உடன்படிக்கை (பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தம்) என்றிருந்தால் பட்டயப் பொறியியலாளராகும் (Chartered Engineer) வழி நேரானது. இலங்கை 2014இலிருந்து அந்த உடன்படிக்கையில் முழு உறுப்பினர். சிட்னி உடன்படிக்கை பொறியியல் தொழில்நுட்பவியலாளருக்கானது, இரண்டும் ஒன்றல்ல. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று கல்லூரி சொன்னால் இன்னும் வரவில்லை என்றே அர்த்தம். வெளிநாட்டுப் பட்டமா? அங்குள்ள அங்கீகாரம் கொழும்பு வளாகத்தில் படிப்பவருக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.