ஹாப்ஸ் கொடி: நடுவது முதல் உலர்த்திப் பயன்படுத்துவது வரை

ஹ்யூமுலஸ் லூபுலஸ் என்னும் தாவரவியல் பெயர் கொண்ட ஹாப்ஸ் கொடி, கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியாக இருக்கும் இத்தாவரத்தில், பெண் கொடியில் காய்க்கும் மெல்லிய பச்சைக் கூம்புகளே பியருக்குக் கசப்பும் மணமும் தரப் பயன்படுகின்றன. ஒரு கூம்பை நடுவில் பிளந்தால் செதில்களின் அடியில் மஞ்சள் நிறப் பொடி ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். லூபுலின் எனப்படும் அந்தப் பொடியில்தான் கசப்பு தரும் பிசின்களும் மணம் தரும் எண்ணெய்களும் அடங்கியுள்ளன. கொடியை வளர்ப்பது அவ்வளவு கடினமன்று. அறுத்த கூம்புகளை உலர்த்தும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்; நானும் அங்கேதான் தடுமாறினேன். ஆகவே மற்றப் படிகளைச் சுருக்கமாகவும் உலர்த்தலை விரிவாகவும் எழுதுகிறேன்.

படி 1: இடமும் நடவும்

வணிக அளவில் ஹாப்ஸ் பயிராகும் பகுதிகள் பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளுக்குள் அமைந்துள்ளன. ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாடெட்ஸ், இங்கிலாந்தின் கென்ட், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. இதற்குக் குளிர் மட்டும் காரணமன்று, பகலின் நீளமும் காரணமாகும். கோடையின் நீண்ட பகல்களில் கொடி உயரமாக வளர்ந்து பல கணுக்களை விட்ட பின்னர், பகல் குறையத் தொடங்கும்போது பூக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க நீண்ட பகல் கிடைப்பதில்லை. அதனால் கொடி ஆளுயரம் எட்டும் முன்பே பூத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய கூம்புகளோடு நின்றுவிடுகிறது. அத்தகைய இடங்களில் மாலையில் விளக்கொளி கொடுத்துப் பகலை நீட்டித்தே நல்ல விளைச்சல் எடுக்க முடியும்.

விதையிலிருந்து வளர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. முளைப்பவற்றில் பாதியளவு ஆணாக இருக்கலாம் என்பதோடு, தாயின் குணமும் அப்படியே வராது. பெயர் தெரிந்த பெண் இரகத்தின் வேர்த்தண்டை, குறைந்தது இரண்டு மொட்டுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இளவேனிலின் தொடக்கத்தில், வெயில் நன்றாக விழுகிற, நீர் தேங்காத மண்ணில், மொட்டுகள் மேல்நோக்கி இருக்குமாறு படுக்கை வாட்டில் வைத்து, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் மூடினால் போதும். கொடிகளுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். இரகங்கள் வேறானால் இன்னும் கூடுதலாக விடுங்கள். இல்லாவிட்டால் கொடிகள் பின்னிக்கொண்டு, எந்தக் கூம்பு எந்த இரகம் என்று பிரிக்க முடியாமல் போகும். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது.

படி 2: கயிற்றில் ஏற்றுதல்

ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டின் மேலுள்ள கொக்கி போன்ற சுணைகளால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றி ஏறும். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் அது தானாகவே அவிழ்ந்து விழும். 5 அல்லது 6 மீட்டர் உயரம் எளிதில் போகும் என்பதால் கம்பத்தின் உச்சியில் ஒரு கப்பியைப் பொருத்தி, அறுவடையின்போது கயிற்றோடு கொடியைக் கீழே இறக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஏணியில் நின்றபடி கூம்பு பறிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கயிற்றைப் பொறுத்தவரை தேங்காய் நார்க் கயிறே என் தேர்வு. நைலான் வழவழப்பானது, காற்றடித்தால் கொடி சறுக்கி இறங்கிவிடும். நார்க்கயிற்றின் சொரசொரப்பு சுணைகளுக்கு நல்ல பிடிமானம் தருவதோடு, பருவம் முடிந்ததும் காய்ந்த கொடியோடு சேர்த்து அப்படியே மக்கவைக்கவும் உதவுகிறது.

ஒரு கயிற்றுக்கு இரண்டு அல்லது மூன்று தண்டுகளே போதுமானவை. இரண்டாம் ஆண்டிலிருந்து, முதலில் கிளம்பும் தடித்த, உள்ளீடற்ற தளிர்களை வெட்டிவிட்டு, அடுத்து வரும் மெல்லிய தண்டுகளைக் கயிற்றில் ஏற்றுவது வழக்கம். வெட்டிய தளிர்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றை உப்பு நீரில் சில நிமிடங்கள் வேகவைத்து வெண்ணெய் சேர்த்து உண்ணலாம். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் காட்டு ஹாப்ஸின் தளிர்கள் அரிசியோடும் முட்டையோடும் சமைக்கப்படுகின்றன. பெல்ஜியத்தில் அவை விலை உயர்ந்த பருவகால உணவாகும்.

கொடி உயர்ந்ததும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காற்றோட்டம் இருந்தால் அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் குறையும். வறண்ட வெப்பக் காலத்தில் இலையின் அடிப்புறத்தில் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் கொடியைத் தொடாதீர்கள். சுணைகள் தோலைக் கீறும், சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

முதல் ஆண்டில் கொடி பெரும்பாலும் வேரை வளர்ப்பதிலேயே முனையும் என்பதால் விளைச்சல் சொற்பமாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டில்தான் முழு விளைச்சலை எதிர்பார்க்கலாம்.

படி 3: பறிக்கும் நேரம்

முதிராத கூம்பு ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும், அழுத்தினால் அமுங்கியே கிடக்கும். முதிர்ந்தது காகிதம்போலச் சரசரத்து, அழுத்தி விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பிளந்து பார்த்தால் லூபுலின் அடர்மஞ்சளாக இருக்கும். விரலில் தேய்த்தால் மணம் தூக்கலாக வரும். பொடி செம்மஞ்சளாக மாறிவிட்டால் பருவம் கடந்துவிட்டது என்று பொருள். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பருவம் அமைகிறது.

படி 4: உலர்த்துதல்

பறித்த கூம்பின் எடையில் 75 முதல் 80 விழுக்காடு நீர். அதை 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனை மணி நேரம் காயவையுங்கள் என்று சொல்லும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. காற்றின் ஈரம், அடுக்கின் தடிமன், கூம்பின் அளவு ஆகியவற்றுக்கேற்ப நேரம் மாறிக்கொண்டே இருக்கும். எடையை மட்டும் நம்புங்கள். கிராம் கணக்கில் அளக்கும் ஒரு சிறிய மின்னணுத் தராசு, விலை உயர்ந்த உலர்த்தும் கருவியைவிட இங்கே அதிகம் உதவும்.

முதலில் 20 கிராம் கூம்புகளை எடுத்து, நன்றாகச் சூடான ஓவனில், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை முற்றிலும் காயவையுங்கள். மணம் போய்விடுவதால் அந்தக் கூம்புகள் பயன்படா, அவற்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். மீந்தது 4 கிராம் என்றால் உங்கள் கூம்புகளில் உலர்பொருள் 20 விழுக்காடு என்று அறியலாம். அப்படியானால் 1000 கிராம் பச்சைக் கூம்பில் உலர்பொருள் 200 கிராம். இறுதியில் 10 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டுமென்பதால் 200ஐ 0.9ஆல் வகுக்க, சுமார் 222 கிராம் என்று விடை வருகிறது. தட்டின் எடையைக் கழித்த பின் தராசு அந்த எண்ணைக் காட்டும் வரை உலர்த்துதல் முடியவில்லை. அந்தச் சோதனையில் உலர்பொருள் 20 விழுக்காட்டுக்கும் மிகக் குறைவாக வந்தால், கொடியில் இருப்பவற்றைப் பறிக்க இன்னும் சில நாள் பொறுத்திருப்பது நல்லது.

பெரும்பகுதியை உலர்த்த, சட்டத்தில் அடித்த கொசுவலைத் தட்டுகளில் கூம்புகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றைச் செலுத்துவதே எனக்குப் பிடித்த முறை. வெப்பம் கொடுப்பதானால் 60 பாகை செல்சியஸைத் தாண்டவே கூடாது. 50க்குள் வைத்திருந்தால் மிர்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் ஓரளவு தப்பும். நேரடி வெயில் வேண்டாம்.

ஏமாற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், கூம்பின் நடுத்தண்டில். வெளிச்செதில்கள் மெல்லியவை என்பதால் விரைவில் காய்ந்து கையில் நொறுங்கும். அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று பையில் அடைத்தால், நடுத்தண்டில் தங்கியிருந்த ஈரம் மெதுவாக வெளியே பரவி, சில நாளில் எல்லாக் கூம்பும் துவண்டு பூசணம் பிடித்துவிடும். ஆகவே எடை இலக்கை நெருங்கியதும் ஒரு கூம்பின் செதில்களை உரித்து நடுத்தண்டை வளையுங்கள். அது வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, முறிந்தால் சரி. அதன் பின்னும் உடனே அடைக்காமல், குவியலாக்கித் துணியால் மூடி ஒரு நாள் வைத்திருந்து, செதில்கள் மறுபடி மென்மையாகிவிட்டனவா என்று தொட்டுப் பாருங்கள். ஆகியிருந்தால் தட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

படி 5: சேமித்தல்

காற்றை உறிஞ்சி மூடும் பைகளில், ஒளி படாமல் உறைநிலையில் வையுங்கள். ஆக்சிஜன் பட்டுப் பழையதான ஹாப்ஸிலிருந்து பாலாடைக்கட்டியின் வாடை அடிக்கும்; அதற்கு ஐசோவலேரிக் அமிலம் காரணம். அந்த வாடை வந்தவற்றை எறிந்துவிடுங்கள்.

படி 6: பயன்கள்

பியர் காய்ச்சும்போது ஹாப்ஸை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் கொதிக்கவிட்டால், அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக மாறிக் கசப்பைத் தருகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு நன்றாக இறங்கும். ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். கடைசிச் சில நிமிடங்களில் போட்டால் மணம் நிற்கும், கசப்பு குறையும். வீட்டில் விளைந்த கூம்பில் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்பதை ஆய்வகம் இல்லாமல் அறிய இயலாது. ஆகவே கசப்புக்கு அளவு குறிக்கப்பட்ட ஹாப்ஸை வாங்கிப் பயன்படுத்தி, வீட்டுக் கூம்புகளைக் கடைசியில் மணத்துக்குச் சேர்ப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. உலர்த்தாத கூம்பைச் சேர்ப்பதானால் பறித்த ஒரு நாளுக்குள், உலர்கூம்பைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையில் போட வேண்டும். வீட்டில் பியர் காய்ச்சுவது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதையும் கவனத்தில் கொள்க.

ஹாப்ஸ் பியரைக் கெடாமல் காக்கிறது என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியத் துறவி பதிவு செய்துள்ளார். இதன் அமிலங்கள் லாக்டிக் அமில பாக்டீரியா போன்ற ‘கிராம் பாசிட்டிவ்’ என்னும் வகை நுண்ணுயிர்களை அடக்குகின்றன. ஈஸ்டையோ பெரிதாகப் பாதிப்பதில்லை. முற்காலத்தில் ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட் கலவையைத் தயாரிக்கும்போது ஹாப்ஸ் கொதித்த நீரில் மாவைக் கரைத்ததும் இதனால்தான்.

உறக்கத்துக்கு உதவும் மூலிகையாகவும் ஐரோப்பாவில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அரை கிராம் உலர்கூம்பைக் கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டினால் கசப்பான ஒரு பானம் கிடைக்கும். இந்தப் பயனுக்கு மரபே முதன்மை ஆதாரம். வலுவான மருத்துவச் சான்று இல்லை. தூக்க மாத்திரை உட்கொள்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது. கசப்பு பிடிக்காதவர்கள் உலர்கூம்பைச் சிறு துணிப்பையில் தைத்துத் தலையணைக்கருகே வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

வாசகர்கள் எழுதிய இரண்டு செய்திகளை இங்கே சேர்க்க வேண்டியுள்ளது. முதலாவது, நாய் வளர்ப்பவர்களுக்கானது. ஹாப்ஸைத் தின்ற நாய்களுக்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகக்கூடும். கொதித்து வடிகட்டிய சக்கைக்கும் இது பொருந்தும். சக்கையைத் திறந்த குப்பைக்குழியில் கொட்டாதீர்கள். நாய் தின்றுவிட்டால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, வேலியோரம் தானாக முளைத்த கொடியைக் கொண்டுவந்து நட்டவருக்குக் கூம்பே வராமல், தளர்ந்த கொத்துகளில் சிறு பூக்கள் மட்டும் வந்தன. அது ஆண் கொடி. அதன் மகரந்தம் அருகிலுள்ள பெண் கொடியை எட்டினால் கூம்புகளில் விதை பிடித்துவிடும் என்பதால், ஆண் கொடியைத் தண்டோடு வெட்டினால் போதாது; மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டின் ஒவ்வொரு துண்டையும் தோண்டி எடுக்க வேண்டும். மொட்டுள்ள ஒரு துண்டு எஞ்சினாலும் அடுத்த இளவேனிலில் அது மறுபடி கிளம்பிவிடும்.