செங்கல் சுவரில் பாசியா? முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

ஏற்காட்டில் பூசாத செங்கல் சுவர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் வடக்குப் பக்கச் சுவர் பச்சையாகிவிடும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே வெயிலே விழாது. கீழே சேலத்தில்தான் வெயில் காய்கிறதே என்பீர்கள். மொட்டைமாடித் தொட்டி வழிகிற இடத்தில் அங்கேயும் பாசி பிடிக்கத்தான் செய்கிறது.

அதனால் பிரஷைத் தொடும் முன் மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு சுவரை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். நான் இரண்டு வருஷம் தேய்த்துக் கை ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் மூட்டு விட்டிருந்தது, சரியாக அந்த அகலத்துக்கு மட்டும் பாசி! சுவரை ஒட்டிக் குவிந்த மண், பூந்தொட்டி, உரசுகிற சில்வர் ஓக் கிளை, எல்லாவற்றையும் விலக்குங்கள்.

சரி, இப்போது தேய்க்கலாம். விரலால் தேய்த்தால் வழுக்கிப் பச்சையாக ஒட்டினால் பாசி. வெள்ளையாக மாவு போல வந்தால் அது உப்பு, அதற்கு உலர்ந்த பிரஷே போதும். தடித்த பாசியை மரச்சட்டத்தால் சுரண்டிவிட்டு, 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கி, பிளாஸ்டிக் வாளியில் அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும், அடியில் தங்கும் சுண்ணாம்பு சுவரில் பட்டால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுவரையும் பக்கத்துக் காப்பிச் செடிகளையும் முதலில் நன்றாக நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தடவி, 15 நிமிஷம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உதிர்கிற கம்பி துருப்பிடித்துக் கறையாகும்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சிமெண்டுச் சாந்தை அரித்துவிடும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. பிரஷர் வாஷரும் அப்படித்தான், பழைய செங்கல்லின் வெந்த மேல்தோலையே பெயர்த்துவிடும், அப்புறம் அந்தக் கல் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும்.

கறுத்த தடம் மிஞ்சினால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பெயிண்ட் அடித்து மூட நினைக்காதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கும். வேண்டுமானால் மாசி, பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, மழைத் தண்ணீரை உள்ளே விடாமல், ஆவியை மட்டும் வெளியேற விடுகிற சிலேன் சிலாக்சேன் வகைப் பூச்சு ஒன்று அடித்துக்கொள்ளலாம்.