தொலைபேசியில் ‘யா’ சொன்னதற்கு பில் வந்தால்: ஜேர்மனியில் உறுதிசெய்யாத கைபேசி, இணைய ஒப்பந்தங்கள்

அழைப்பு வருகிறது. மறுமுனையில் வேகமான ஜேர்மன். வீட்டுப் பெரியவர் மரியாதைக்காக நாலு தடவை ‘யா, யா’ என்று உம் கொட்டுகிறார். சில நாளில் ‘எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி’ என்று கடிதம் வருகிறது, பின்னாலேயே ரூட்டர் பொதியும். பதறிப்போய்ப் பலர் உடனே எழுதுவது ‘கியூண்டிகுங்’, அதாவது ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம். அங்கேதான் பிழை. இல்லாத ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. ‘முறிக்கிறேன்’ என்று எழுதினால், ஒப்பந்தம் இருப்பதாக நீங்களே ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். ‘சரி, 24 மாதம் முடிந்ததும் முறித்துவிடுகிறோம்’ என்று நிறுவனம் பணிவாகப் பதில் போடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்புச் சட்டத்தின் (டேகாகே) 54ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்மதம் சொல்வதற்கு முன்பே நிறுவனம் ‘ஃபெர்ட்ராக்ஸ்சூசம்மன்ஃபாசுங்’ என்ற ஒப்பந்தச் சுருக்கத்தைத் தர வேண்டும். விலை, வேகம், காலம், முறிக்கும் விதி எல்லாம் அதில் இருக்கும். தொலைபேசியில் அதைக் கையில் கொடுக்க வழியில்லை என்றால், பேசி முடிந்ததும் தாமதமின்றி அனுப்ப வேண்டும். அது உங்களிடம் வந்த பிறகு, நீங்கள் எழுத்து வடிவில் ஒப்புதல் கொடுத்தால்தான் ஒப்பந்தம் செல்லும். கொடுக்காவிட்டால் செல்லாது. அவர்கள் அவசரப்பட்டு இணைப்பைத் திறந்துவிட்டிருந்தாலும், பயன்படுத்திய நாட்களுக்கென்று பணம் கேட்க முடியாது.

‘எழுத்து வடிவம்’ என்றால் கையொப்பமிட்ட காகிதம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மின்னஞ்சல் போதும், எஸ்எம்எஸ் பதிலும் போதும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு இணைப்பை அனுப்பி, ‘தகவல் வந்ததா என்று பார்க்கத்தான், பச்சைப் பட்டனை அமத்துங்கள்’ என்பார்கள். அந்தப் பட்டன்தான் ஒப்புதல். பெற்றோரின் கைபேசியை வாங்கி, வாசிக்காமலே பிள்ளைகள் அமத்திவிடுவதும் உண்டு. ஆகவே கடிதம் எழுதுமுன், ஒப்பந்தக்காரராகப் பெயர் போட்டிருக்கிறவரின் மின்னஞ்சல், ஸ்பாம் பெட்டி, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேடுங்கள். சுருக்கம் வந்ததா, என்று வந்தது, யாராவது ‘பெஸ்டேடிகன்’ (உறுதிசெய்) என்பதை அமத்தினார்களா என்று பாருங்கள். உங்கள் வாதம் முழுவதும் இந்தப் பதிலில்தான் நிற்கும்.

அழைப்பு வந்த நாள், நேரம், எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். உரையாடலைக் களவாக ஒலிப்பதிவு செய்யாதீர்கள். மற்றவரின் அனுமதியில்லாமல் பதிவது ஜேர்மனியில் குற்றம்.

இனிக் கடிதம். பெயர் யாருடையதோ அவரே கையொப்பமிட வேண்டும், அல்லது ‘ஃபோல்மாக்ட்’ என்ற அதிகாரக் கடிதம் இணைக்க வேண்டும். கணவர் பெயரில் வந்ததற்கு மனைவி எழுதினால், அதையே சாட்டாக வைத்து நாளைக் கடத்துவார்கள். வாடிக்கையாளர் எண்ணைப் போட்டு, வரிசை மாறாமல் நான்கு வாக்கியம் எழுதினால் போதும். முதலில், 54ஆம் பிரிவின்படி நான் ஒப்புதல் தரவில்லை, ஆகவே ஒப்பந்தம் இல்லை. இரண்டாவது, அப்படி ஒன்று இருப்பதாக நீங்கள் கருதினால் அதை ‘வீடெர்ரூஃப்’ மூலம் திரும்பப் பெறுகிறேன். மூன்றாவது, ஏமாற்றிப் பெறப்பட்டதால் அதைச் சட்டப்படி மறுக்கிறேன். இதற்குச் சொல் ‘அன்ஃபெக்டுங்’. கடைசியாகத்தான், எதுவும் பொருந்தாவிட்டால் மிக விரைவில் வரும் நாளில் முறிக்கிறேன். இரண்டாவது முதல் நான்காவது வரை ‘ஹில்ஃப்ஸ்வைசே’ என்ற சொல்லுடன் தொடங்குங்கள். ‘முதலாவது நிற்காவிட்டால் மட்டும் இது’ என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடும். ஏமாற்றியதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால் மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

வீடெர்ரூஃபுக்கு 14 நாள். அந்த நாட்களுக்குள் அனுப்பினால் போதும், போய்ச் சேர வேண்டும் என்றில்லை. அந்த உரிமையைப் பற்றி நிறுவனம் சரியாக அறிவிக்கவே இல்லையென்றால் காலம் 12 மாதமும் 14 நாளும் வரை நீளும். இதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி, கூடவே ‘ஐன்ஷ்ரைபன்’ பதிவுத் தபாலிலும் போடுங்கள்; அஞ்சலகப் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். ‘தொலைபேசியில் சொல்லிவிட்டேன்’ என்பது எதையும் நிரூபிக்காது.

ரூட்டர் வந்தால் வாங்க மறுக்கலாம். வாங்கிவிட்டிருந்தால் செருகாமல் வைத்து, திருப்பி அனுப்பும் சீட்டைக் கேளுங்கள். செருகியதே ஒப்புதல் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்குவாதத்துக்கு ஏன் இடம் கொடுப்பான்? வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால் 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்ப எடுக்கலாம். நீங்கள் அனுமதியே கொடுக்காத ‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ (நிறுவனமே கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுப்பது) என்றால் 13 மாதம் வரை.

பலர் கவனிக்காத ஒன்று: பழைய நிறுவனத்திலிருந்து ‘நீங்கள் எங்களை விட்டுப் போவது வருத்தம்’ என்று கடிதம் வந்தால், புதியவர் உங்கள் பெயரில் பழைய இணைப்பை முறித்து எண்ணையும் மாற்றக் கேட்டிருக்கிறார் என்று பொருள். புதியவருக்கு எழுதிய கடிதம் இதை நிறுத்தாது. பழையவருக்கும் அன்றே எழுதுங்கள்: நான் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை, என் இணைப்பு தொடர வேண்டும்.

பிறகு ‘மானுங்’ என்ற பணம் கட்டச் சொல்லும் நினைவூட்டல் வரும், ‘இன்காசோ’ என்ற கடன் வசூல் நிறுவனத்தின் கடிதமும் வரும். பயமுறுத்துகிற மொழிதான். ஒரு தடவை, ‘இந்தக் கடனை மறுக்கிறேன், ஒப்பந்தம் இல்லை’ என்று இருவருக்கும் எழுதிவிடுங்கள். இதில் இன்னொரு பயன் உண்டு: நீங்கள் மறுத்த கடனை மானுங் மட்டும் அனுப்பிவிட்டு, கடன் நம்பகத்தைப் பதிந்துவைக்கும் ஷூஃபா நிறுவனத்தில் பதிய முடியாது. எதுவும் எழுதாமல் கடிதங்களைக் குப்பையில் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

மஞ்சள் உறையில் நீதிமன்றத்திலிருந்து ‘மான்பெஷைட்’ என்ற பணம் கட்டச் சொல்லும் உத்தரவு வந்தால் கதையே வேறு. கேட்ட தொகை நியாயமா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை; விண்ணப்பம் வந்தது, அனுப்பிவிட்டது. உறையில் எழுதியிருக்கும் நாளிலிருந்து 2 வாரம். உள்ளே உள்ள படிவத்தில் முழுத் தொகையையும் மறுப்பதாகக் குறியிட்டு, கையொப்பமிட்டு அனுப்புங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. உறையை எறியாதீர்கள், நாள் அதில்தான் இருக்கிறது.

நிறுவனம் அசையாவிட்டால், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரச அமைப்பான பூண்டெஸ்நெட்ஸ்அகென்டூரின் சமரசப் பிரிவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் நிறுவனம் கலந்துகொள்ள மறுக்கலாம். உங்கள் அனுமதியில்லாமல் வந்த விற்பனை அழைப்பைப் பற்றியும் பூண்டெஸ்நெட்ஸ்அகென்டூரிடமே முறையிடலாம். அதற்கான தண்டம் 300,000 யூரோ வரை போகும். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் மாநில ‘ஃபெர்பிராவுகர்சென்ட்ராலே’ என்ற நுகர்வோர் ஆலோசனை மையம் இருக்கிறது, சிறு கட்டணத்துடன்.

வாசலில் வந்து டேப்லெட்டில் கையொப்பம் வாங்கிப்போகும் கண்ணாடியிழை இணைய இணைப்பு விற்பனையாளருக்கு 54ஆம் பிரிவை நீட்டினால் பெரும்பாலும் எடுபடாது, சுருக்கத்தை முதலே கையில் தந்திருப்பார். அங்கே 14 நாள் வீடெர்ரூஃப்தான் ஆயுதம். கடைக்குப் போய் நீங்களே கையொப்பமிட்டதற்கு அந்த 14 நாளும் இல்லை. அதிகபட்சம் 24 மாதம் கட்டுப்பட வேண்டும், அது தானாக நீண்டால் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அறிவிப்பில் முறிக்கலாம்.